கைப்பேசி வழியே கூட்டுக் கல்வியும் கிணற்றேடும்

பயிர்த்தொழிலில் ஒருவர் தாமே செய்து பார்த்துக் கற்பது கொஞ்சம். பக்கத்துக் காணியைப் பார்த்தும், அதன் சொந்தக்காரரைக் கேட்டும் கற்பதே அதிகம். களத்து மேட்டிலும், கோயில் திண்ணையிலும், சந்தைக்குப் போகும் வழியிலும் தொன்றுதொட்டு நடந்துவந்த இப்பேச்சு, இக்காலத்தில் பெரும்பாலும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. வாட்ஸ்அப் முதலிய சமூக ஊடகங்களில் ஊருக்கு ஒன்றாகவும், பயிருக்கு ஒன்றாகவும் குழுக்கள் ஏற்பட்டிருக்கின்றன. இது நன்மையே. ஆயினும் ஒரு குறை உண்டு. தென்னையில் வண்டு விழுந்ததைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வியும், அனுபவசாலி ஒருவர் சொன்ன பதிலும் மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகின்றன. அடுத்த பருவத்தில் அதே கேள்வி மறுபடியும் எழுகின்றது; அதே பதிலை முதலிலிருந்து தேட வேண்டியதாகின்றது.

பேச்சு கல்வியாவதற்கு எழுத்து வேண்டும். எழுத்து நம்பத்தக்கதாவதற்குப் பலருடைய பார்வையும் திருத்தமும் வேண்டும். இவ்விரண்டையும் கைப்பேசியைக் கொண்டு ஒரு கிராமத்தார் தாங்களே செய்துகொள்ளும் வகையும், பாலாற்றுப் பகுதிக் கிணறுகளைப் பொறுத்தவரை அதனால் உண்டாகும் அனுகூலமும் கீழே விவரிக்கப்படுகின்றன.

பாலாற்றுப் பகுதியில் இதன் அவசியம்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில் தோல் பதனிடும் தொழிலும் பயிர்த்தொழிலும் பல தலைமுறைகளாக அருகருகே நடந்துவருகின்றன. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். 1970-களுக்குப் பின் குரோமியம் கலந்த உப்புக்களைக் கொண்டு பதனிடும் முறை பெரிதும் பரவிற்று. பச்சைத் தோல் அழுகாதிருக்க முதலில் சாதாரண உப்பு ஏராளமாகத் தடவப்படுகின்றது. தொட்டியில் ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பு பெரும்பாலும் நீரில் இறங்குகின்றது. இவ்வித நீர் பல ஆண்டுகள் ஓடைகளிலும் ஏரிகளிலும் விடப்பட்டதால் நிலத்தடி நீர் கெட்டது.

இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலச் சங்கத்தார் 1991-ல் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் செய்த கணக்கெடுப்பை அத்தீர்ப்பு எடுத்துக் கூறுகின்றது. பின்னர் நியமிக்கப்பட்ட ஆணையம் 2001-ல் நஷ்டஈட்டை நிர்ணயித்தது. 547 தோல் பதனிடும் சாலைகள் பொறுப்பாக்கப்பட்டன. பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். தொகை ஏறக்குறைய ரூ. 26 கோடியே 82 லட்சம். அதன் பிறகும் வழக்கு முடியவில்லை. பாக்கி நஷ்டஈட்டை வழங்கவும், ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து நிலைமையைக் கவனித்துவரவும் சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜனவரி 30-ஆம் தேதி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

வழக்குத் தொடுத்ததிலிருந்து இவ்வுத்தரவு வரையில் 34 ஆண்டுகள் கடந்தன. இதற்கிடையில் கிணறு வெட்டியவர் காலமானார். மகன் பாகம் பிரித்துக்கொண்டார். பேரன் வேறு பயிர் வைத்தார். எந்தக் கிணறு எந்த ஆண்டில் உப்பாயிற்று, எந்தக் காணியில் நெல் நின்றுபோயிற்று என்று இன்று கேட்டால், 'அப்பா சொல்லுவார்' என்பதே பலரிடமிருந்து கிடைக்கும் விடை. ஞாபகம் மங்கும், தேதியிட்ட எழுத்து மங்காது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய இடங்களில் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டுள்ளன. எனினும் மண்ணிலும் நீரிலும் முன்பே சேர்ந்த உப்பு உடனே நீங்கிவிடுவதன்று. எந்தக் கிணறு தேறிவருகின்றது, எது இன்னும் கெடுகின்றது என்பதை ஆண்டுதோறும் குறித்துவந்தால்தான் அறிய முடியும்.

பலர் கூடி எழுதுதல் என்பது யாது?

பலர் கூடி ஒரு நூலை ஆக்குவது தமிழ் நாட்டுக்குப் புதிதன்று. தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரையில் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் 10 தொகுதிகளும் பல அறிஞர் கூடி எழுதியவையே. ஆனால் அதில் எழுதியவர் வல்லுநர். திருத்தியவர் ஆசிரியர் குழுவினர். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இம்முறை மாறிற்று. அங்கே எவரும் எழுதலாம். எவர் எழுதியதையும் மற்றவர் திருத்தலாம். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இவ்வாறு சேர்ந்திருக்கின்றன.

எவரும் திருத்தலாம் என்றால் குழப்பமல்லவா உண்டாகும் என்று கேட்கலாம். குழப்பத்தைத் தடுக்க அதில் மூன்று ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு; யார், எப்பொழுது, எதை மாற்றினார் என்பது அழியாமல் நிற்கும்; தவறான மாற்றத்தை நீக்கிப் பழையதை மீட்கலாம். இரண்டாவது, கருத்து வேற்றுமை ஏற்பட்டால் அதைப் பேசித் தீர்ப்பதற்கு ஒவ்வொரு பக்கத்துடனும் தனியாக ஓர் உரையாடல் பக்கம் உண்டு. வாதம் அங்கே நடக்க, முடிவு மட்டும் கட்டுரையில் ஏறும். மூன்றாவது, சொன்னதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பது விதி.

இம்மூன்றையும் கிராமத்துக் குழுவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழு உரையாடல் பக்கத்தைப் போன்றது. கேள்வியும் வாதமும் அங்கே நடக்கட்டும். முடிவானதை எழுதிவைக்க வேறொரு பொது ஏடு வேண்டும். கூகிள் ஷீட் போன்ற பொது அட்டவணையைப் பலர் தத்தம் கைப்பேசியிலிருந்தே திறந்து எழுதலாம். முந்திய பதிப்புக்களும் அதில் காக்கப்படுகின்றன. அது கைவராத ஊரில் நூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றே போதும். எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் இடலாம். கருவி எதுவாயினும், பேசும் இடமும் எழுதும் இடமும் வெவ்வேறாக இருத்தல் முக்கியம்.

அண்டை ஜில்லாக்களின் அனுபவம்

வேலூர்ப் பகுதிக்கு வடக்கே அடுத்துள்ள சித்தூர் உட்பட ஆந்திர தேசத்தின் 7 வறட்சி ஜில்லாக்களில், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தார் துணையுடன் 2003-க்குப் பின் சில ஆண்டுகள் ஒரு திட்டம் நடந்தது. அதில் குடியானவர்கள் தாங்களே மழையளவையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்தனர். அளந்ததை ஊரார் யாவரும் காணும்படி சுவரில் எழுதினர். பிற்பருவச் சாகுபடிக்கு முன் எல்லோரும் கூடி, நிலத்துக்குள் எவ்வளவு நீர் சேர்ந்தது, உத்தேசித்த பயிர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று வரவு செலவுக் கணக்குப் போட்டனர். இன்ன பயிர்தான் வைக்க வேண்டும் என்று எவரும் உத்தரவிடவில்லை. தம் கிணற்றின் கணக்கும் பக்கத்துக் கிணற்றின் கணக்கும் ஒரே சுவரில் தெரிந்தபோது, பலர் தாமே நெல்லின் பரப்பைக் குறைத்து நீர் குறைவாகக் கொள்ளும் பயிருக்கு மாறினர். இதற்குக் கைப்பேசி தேவைப்படவில்லை. அளவும், சுவரும், கூட்டமுமே போதுமாயின. கைப்பேசி செய்யக்கூடியது அச்சுவரை ஒவ்வொருவர் கைக்கும் கொண்டுவருவதே.

1998-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய அறிவு மையங்களும் இதையொட்டிய பாடத்தையே கற்பித்தன. வீராம்பட்டினத்து மீனவருக்கு அலையின் உயரத்தைப் பற்றிய செய்தி கணிப்பொறி வழியாக வந்தது. ஆனால் அது பயன்பட்டது, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்ட பிறகுதான். உலகச் செய்தி உள்ளூர்ச் செய்தியானால்தான் குடியானவருக்கு உதவும் என்பது தெளிவு.

ஒரு கேள்வி பாடமாகும் விதம்

கூட்டு எழுத்தின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றின் குழுவில் ஒருவர், "காணியில் வெள்ளைப் பூத்திருக்கிறது, நட்ட நாற்று நுனி கருகுகிறது, என்ன செய்யலாம்?" என்று படத்துடன் கேட்பதாக வைத்துக்கொள்வோம். உடனே ஒருவர், "ஜிப்சம் போடுங்கள், எனக்குக் கேட்டது" என்கிறார். பத்துப் பேர் கைகூப்பிய படம் இடுகின்றனர். பேச்சு இத்துடன் நின்றுவிட்டால், கேட்டவர் மூட்டை மூட்டையாக ஜிப்சம் வாங்கிக் கொட்டுவார். அது வீணாகவும் கூடும்.

ஏனெனில் உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுந்திருக்கும். செறிவூட்டிய மண்சாற்றில் மின்கடத்துதிறன் 4 டெசிசீமன்ஸுக்கு மேலும், கார அமில நிலை 8.5-க்குக் கீழும் இருக்கும். களர் நிலத்தில் சோடியம் மண்ணுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-க்கு மேற்படும், மண் இறுகி, நீர் இறங்காது. ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து மண்ணிலிருக்கும் சோடியத்தைப் பெயர்த்துவிடுமாதலால் அது களருக்கு மருந்து. உவருக்கு ஜிப்சத்தால் பயனில்லை. நல்ல நீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிகாலில் வெளியேற்றுவதே அதற்கு வழி. கிணற்று நீரே உப்பாயிருந்தால் அந்நீரால் கழுவுவதும் பயன்படாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கியே கழுவ வேண்டும். உப்பு நீரை நெடுநாள் பாய்ச்சிய நிலத்தில் உவரும் களரும் கலந்திருப்பதும் உண்டு. அங்கே ஜிப்சம் இடாமல் உப்பை மட்டும் கழுவினால் மண் மேலும் இறுகிவிடும்.

ஆகையால் குழுவில் இரண்டாமவர் கேட்க வேண்டிய கேள்வி, "மண் பரிசோதனைச் சீட்டில் இரண்டு எண்களும் என்ன?" என்பதே. கேட்டவர் சீட்டைப் படம் எடுத்து இடுகின்றார். ஜிப்சம் சொன்னவரும் தம் பழைய சீட்டைத் தேடிப் பார்க்கின்றார். தம் நிலம் களர், இவர் நிலம் உவர் என்பது புலனாகின்றது. முன்னவர் சொன்னது பொய்யன்று. வேறொரு நிலத்துக்கு மெய். வேளாண்மை அலுவலர் பார்த்துச் சரியென்ற பின், இவ்விஷயம் பொது ஏட்டில் ஆறு வரிகளில் எழுதப்படுகின்றது: அறிகுறி, சீட்டின் எண்கள், செய்தது, செலவு, விளைந்த பயன், தேதி. அடுத்த ஆண்டு வேறொருவர் காணியில் வெள்ளைப் பூக்கும்போது அவர் ஏட்டைப் பார்த்தால் போதும். இவ்வாறு ஒருவர் பட்ட நஷ்டம் ஊருக்குப் படிப்பினையாகின்றது.

கிணற்றேடு எழுதும் முறை

பாலாற்றுப் பகுதிக் கிராமங்கள் எழுதத்தக்க பொது ஏடுகளில் முதன்மையானது கிணற்றேடு. கிணறு ஒன்றுக்கு ஒரு பக்கம் அல்லது ஒரு வரிசை போதும். சர்வே நம்பர், கிணறோ ஆழ்துளைக் கிணறோ என்பது, ஆழம், நீர்மட்டம், நீரின் மின்கடத்துதிறன், பயிர், பயிரின் நிலை, அளந்தவர், தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். ஆண்டுக்கு இரு முறை அளப்பது அவசியம்: கோடையில் மே மாதத்தில் ஒன்று, பருவமழை ஓய்ந்த பின் ஜனவரியில் ஒன்று.

மின்கடத்துதிறனை அளக்கும் சிறிய கைக்கருவியைக் கிராமத்தார் கூட்டாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். நீர் எடுக்கும்போது மோட்டாரைப் பத்து நிமிஷமாவது ஓடவிட்டு, பாத்திரத்தை அதே நீரால் மூன்று முறை அலம்பிய பிறகே பிடிக்க வேண்டும். கருவியைத் தெரிந்த அளவுள்ள கரைசலில் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். எல்லாக் கிணறுகளையும் ஒரே கருவியால், ஒரே வாரத்தில், இருவர் சேர்ந்து அளப்பது நலம்; ஒருவர் படிக்க மற்றவர் எழுதினால் பிழை குறையும்.

பொதுவாக 0.75 டெசிசீமன்ஸுக்கு உட்பட்ட நீர் பாசனத்துக்குத் தீங்கற்றது. 0.75 முதல் 2.25 வரையில் உள்ள நீரை வடிகாலுள்ள நிலத்தில் எச்சரிக்கையுடன் பாய்ச்சலாம். 2.25-க்கு மேற்பட்டால் உப்பைத் தாங்கும் பயிர்களே ஏற்றவை. உதாரணமாக, ஒரு கிணற்றில் மே மாதத்தில் 3.1 என்றும் ஜனவரியில் 1.9 என்றும் வந்தால், மழைநீர் சேர்ந்து உப்பு குறைந்தது என்று கொள்ளலாம். முளைக்கும் பருவத்திலும் நாற்றுப் பருவத்திலும் பயிர் உப்புக்கு மிகவும் அஞ்சுமாதலால், அக்கிணற்றுக்காரர் மழைக்குப் பின் விதைப்பதே உசிதம். இரு பருவத்திலும் எண் ஒன்றாகவே உயர்ந்து நின்றால் அக்கிணறு தனிக் கவனத்துக்குரியது.

இங்கே இரண்டு வரம்புகளை மறக்கலாகாது. மின்கடத்துதிறன் மொத்த உப்பின் அளவை மட்டுமே காட்டும்; குரோமியம் இருப்பதை அது காட்டாது; அதற்கு ஆய்வுக்கூடமே கதி. மேலும், நீரில் உப்பு மிகுந்திருப்பது மட்டுமே தோல் பதனிடும் சாலையின் மேல் குற்றத்தை நிரூபித்துவிடாது. பூமியின் இயல்பாலும், வறட்சியாலும் உப்பு ஏறுவதுண்டு. கிணற்றேடு தீர்ப்பு அன்று. எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில் அதிகாரிகள் மாதிரி எடுக்க வேண்டும் என்று சுட்டும் விரலே அது. அவ்வளவில் அதன் மதிப்பு பெரிது. ஏனெனில் ஒரு கிணற்றின் ஓர் எண்ணைத் தள்ளிவிடலாம். நாற்பது கிணறுகளின் பத்தாண்டு எண்களைத் தள்ளுவது எளிதன்று.

இக்கிராமங்களில் பல குடும்பங்களில் தகப்பன் காணியில் ஏர் பிடிக்க, மகன் தோல் சாலையிலோ, மகள் காலணித் தொழிற்சாலையிலோ கூலி பெறுகின்றனர். ஒரே அடுப்பில் வேகும் சோற்றுக்குக் கிணறும் வேண்டும், கூலியும் வேண்டும். ஆகையால் ஏட்டில் வசைக்கும் ஊகத்துக்கும் இடம் தராமல், அளந்ததை மட்டும் எழுதுவதே ஊரின் ஒற்றுமைக்கும் உண்மைக்கும் உகந்தது.

கவனிக்க வேண்டியவை

ஒன்று: எங்கிருந்தோ வந்து பலமுறை அனுப்பப்பட்ட செய்தியைத் தேதியும் ஊரும் தெரியாமல் ஏட்டில் ஏற்றலாகாது. முக்கியமாகப் பூச்சிமருந்தின் அளவை வாய்ச்சொல்லாக ஏற்கக் கூடாது. டப்பாவின் மேல் அச்சிட்டுள்ளதையும் அலுவலரின் சிபாரிசையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு: எழுதத் தெரியாதவரும் வாய்ப்பில்லாதவரும் விடுபடலாகாது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்களே. பயிர் வாடுவதை முதலில் காண்பவரும் அவர்களே. அவர்கள் குரல் பதிவாக அனுப்புவதை இளைஞர் ஒருவர் எழுத்தில் இறக்கி, சொன்னவருக்குப் படித்துக் காட்டிய பிறகு ஏட்டில் சேர்க்கலாம்.

மூன்று: தோல்வியையும் எழுத வேண்டும். பலித்ததை மட்டும் எழுதும் ஏடு விளம்பரமாகுமே தவிரக் கல்வியாகாது.

நான்கு: ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண் ஆகியவற்றைக் குழுவில் எவர் கேட்டாலும் தரலாகாது.

ஐந்து: கைப்பேசி தொலையும், பழுதாகும். ஏட்டை அறுமாதத்துக்கு ஒருமுறை காகிதத்தில் பிரதி எடுத்து இருவர் வீட்டிலாவது வைக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளின் பங்கு

கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அடங்கலில் ஒவ்வொரு பசலியிலும் எந்த சர்வே நம்பரில் எந்தப் பயிர் நின்றது என்பது பதிவாகின்றது. கிணற்றேட்டையும் பசலிக் கணக்கையொட்டி ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் 30-ல் முடித்தால், இரண்டையும் ஒத்துப் பார்ப்பது சுலபம். அடங்கல் 'பயிர் இல்லை' என்று சொல்லும்; ஏன் இல்லை என்பதைக் கிணற்றேடு சொல்லும். அலுவலர்கள் குழுவில் சேர்ந்திருந்து சந்தேகங்களைத் தெளிவிக்கலாம். ஆனால் ஏடு ஊராருடையதாகவே இருக்க வேண்டும். குழுவில் இட்ட செய்தி மனுவாகாது என்பதையும் அவர்கள் ஊராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். குறை இருந்தால், ஏட்டின் பிரதியை இணைத்து, கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுத்து மூலம் கொடுத்து ரசீது பெறுவதே முறை. மண், நீர் பரிசோதனை குறித்து விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரை யோசனை கேட்கலாம்.

முன்னோர் ஏரியையும் கால்வாயையும் குடிமராமத்தினால் காத்தனர். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் வந்தார். இக்காலத்தில் ஊரின் அறிவைக் காப்பதும் ஒரு குடிமராமத்தே. அதற்கு வீட்டுக்கு ஓர் ஆள் ஆண்டில் இரண்டு நாள் கிணற்றை அளந்து, கண்டதைக் கண்டபடி எழுதினால் போதும். வருகிற மே மாதத்திலேயே முதற் பக்கத்தை எழுதத் தொடங்குவது நலம். இன்று எழுதப்படும் எண்ணின் அருமை, பத்தாண்டுக்குப் பின் அதைத் தேடுகிறவருக்கே நன்கு விளங்கும்.